மிஹைலோவிச் - ஒரு இடது காலும் உடைந்துபோன ஒரு நாடும்

ஃப்ரீ கிக் என்றதும் பலருக்கும் உடனே ஞாபகம் வருவது பெக்காம், ஜூனின்யோ, பிர்லோ, மெஸ்ஸி என்று சில பெயர்கள்தான். இவர்கள் எல்லோருமே நடுக்களத்திலோ முன்களத்திலோ ஆடுகிறவர்கள். ஆனால் இத்தாலியின் சீரி ஏ போட்டிகளில் ஃப்ரீ கிக்கில் இருந்தே 28 கோல் அடித்த ஒருவர் இருந்தார். அவர் ஆடியதோ தடுப்பாட்டக்காரராக! கோலைத் தடுக்க வேண்டிய ஆள், பந்தை நட்டு வைத்துவிட்டு எதிரணி கோல்கீப்பருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். அந்த எண்ணிக்கையை சீரி ஏ-யில் இதுவரை ஒருவரும் தாண்டவில்லை.

அவர் பெயர் சினிசா மிஹைலோவிச். செர்பியர். 1991ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ரெட் ஸ்டார் பெல்கிரேட் அணியிலும், 2000ல் இத்தாலிய சாம்பியனான லாசியோ அணியிலும் ஆடியவர். இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு நல்ல ஆட்டக்காரரின் கதை என்று முடித்துவிடலாம். ஆனால் அவர் கதையை கால்பந்தோடு மட்டும் சொல்லி முடிக்க முடியாது. அவர் பிறந்த ஊரின் பெயர் வூகோவர். யூகோஸ்லாவியப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

வூகோவர் டான்யூப் நதிக்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் குரோஷியா, அந்தப் பக்கம் செர்பியா. மிஹைலோவிச் 1969 பிப்ரவரி 20ம் தேதி அங்கே பிறந்தபோது இரண்டுமே யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டின் குடியரசுகள். அப்பா செர்பியர், லாரி ஓட்டுநர். அம்மா குரோஷியர், பொரோவோ செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். (அந்தத் தொழிற்சாலையை 1931ல் ஆரம்பித்தது வேறு யாருமில்லை, பள்ளிக்கூட கறுப்பு ஷூவுக்குப் பெயர்போன அதே பாட்டா நிறுவனம்தான்.) செர்பியர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், குரோஷியர்கள் கத்தோலிக்கர்கள். ஆனாலும் பேசுகிற மொழி ஏறக்குறைய ஒன்று. வூகோவர் போன்ற ஊர்களில் கலப்புத் திருமணம் என்பது அதிசயமே கிடையாது. ஒரே தெருவில் இரண்டு சாராரும் இருந்தார்கள், ஒரே வீட்டிலும் இருந்தார்கள். மிஹைலோவிச்சின் வீடு அப்படிப்பட்டது.

பையன் பொரோவோ என்ற உள்ளூர் அணியில் ஆட ஆரம்பித்தான். 1988ல் நோவி சாத் நகரத்தின் வோய்வோதினா அணி அவரைக் கூட்டிக்கொண்டது. அடுத்த வருடமே அந்த அணி யூகோஸ்லாவிய லீக்கை ஜெயித்தது. ரெட் ஸ்டார், பார்ட்டிசான், டினாமோ ஸாக்ரெப், ஹைடுக் ஸ்பிளிட் என்று நான்கு பெரிய அணிகள் ஆண்ட லீக் அது. அதில் வோய்வோதினா ஜெயித்தது சாதாரண விஷயம் இல்லை. 1990 டிசம்பரில் ரெட் ஸ்டார் அவரை வாங்கியது. வயது 21.

அந்த ரெட் ஸ்டார் அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புரொசினெச்கியின் அப்பா குரோஷியர், அம்மா செர்பியர். சவிசெவிச் மாண்டினீக்ரோக்காரர். கோல்களாக அடித்துக் குவித்த பான்செவ் மாசிடோனியர். தடுப்பாட்டத்தில் நின்ற பெலோடெடிச் ருமேனியாவிலிருந்து தப்பி வந்த செர்பிய வம்சாவளி. நாடு குடியரசு குடியரசாகப் பிரிந்துகொண்டிருந்தபோது, அந்த நாட்டின் ஒரு சிறிய மாதிரி போல இந்த அணி ஐரோப்பாவைச் சுற்றி வந்து ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

1991 ஏப்ரல் 24. ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம். பெல்கிரேட் மைதானத்தில் சுமார் 80 ஆயிரம் பேர். எதிரணி பேயர்ன் மியூனிக். முதல் ஆட்டத்தில் மியூனிக்கிலேயே ரெட் ஸ்டார் 2-1 என்று ஜெயித்து வந்திருந்தது. இங்கே மிஹைலோவிச் ஒரு ஃப்ரீ கிக்கில் முதல் கோலை அடித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பேயர்ன் சில நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டுவிட்டது. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து 3-3. கூடுதல் நேரம் போக வேண்டியதுதான் என்ற நிலை. 90வது நிமிடத்தில் இடது பக்கத்திலிருந்து மிஹைலோவிச் பந்தை உள்ளே அனுப்பினார். பேயர்ன் கேப்டன் ஆகன்தாலர் காலை நீட்டினார். அவர் காலில் பட்ட பந்து மேலே எழும்பி, வளைந்து, கோல்கீப்பர் அவ்மானைத் தாண்டி வலைக்குள் விழுந்தது! கணக்கில் அது ஆகன்தாலரின் சொந்த கோல். ஆனால் பெல்கிரேட்டில் கேட்டால் மிஹைலோவிச்சின் கோல் என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆட்டம் முடிந்து சரியாக எட்டாவது நாள், மே 2ம் தேதி, அவர் ஊரை ஒட்டிய பொரோவோ செலோ கிராமத்தில் 12 குரோஷியப் போலீஸ்காரர்கள் ஆயுதம் ஏந்திய செர்பியர்களால் கொல்லப்பட்டார்கள். குரோஷியாவில் போர் வெடிப்பதற்கு முக்கியமான தீப்பொறி என்று இதைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. மிஹைலோவிச்சின் அப்பா அம்மா அப்போதும் அங்கேதான் இருந்தார்கள்.

மே 8. யூகோஸ்லாவியக் கோப்பையின் இறுதி ஆட்டம், பெல்கிரேட்டில். ரெட் ஸ்டாருக்கு எதிராக குரோஷியாவின் ஹைடுக் ஸ்பிளிட். ஆறு நாளைக்கு முன் நடந்த கொலைகள் இரண்டு அணியின் மண்டையிலும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆட்டத்தின் நடுவே மிஹைலோவிச்சும் ஹைடுக்கின் இகோர் ஸ்டிமாச்சும் முட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் சிவப்பு அட்டை. "பொரோவோவில் உன் குடும்பம் முழுவதையும் எங்கள் ஆட்கள் கொல்ல வேண்டும் என்று கடவுளை வேண்டுகிறேன்" என்ற அர்த்தத்தில் ஸ்டிமாச் சொன்னதாக மிஹைலோவிச் பிற்காலப் பேட்டிகளில் கூறினார். இது ஒரு தரப்புச் சாட்சியம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். என்ன வார்த்தை பேசப்பட்டது என்பதை விட, அதற்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல் இருவரும் பகையாளிகளாகவே இருந்தார்கள் என்பது நிச்சயம். அன்று ஹைடுக் 1-0 என்று ஜெயித்தது. கோல் அடித்தவர் அலென் போக்ஷிச். (ஸ்டிமாச் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2019 முதல் 2024 வரை இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தாரே, அதே ஸ்டிமாச்தான்!)

இன்னும் மூன்று வாரம் கழித்து மே 29ம் தேதி இத்தாலியின் பாரி நகரத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி மார்செய். உண்மையைச் சொன்னால் பார்க்கச் சகிக்காத ஆட்டம். பயிற்சியாளர் பெட்ரோவிச் ஆட்டத்துக்கு முன், நாம் தாக்கப் போனால் அவர்கள் எதிர்த்தாக்குதலில் கோல் போட்டுவிடுவார்கள் என்றாராம். அப்படியானால் பந்து கிடைத்தால் என்ன செய்வது என்று ஆட்டக்காரர்கள் கேட்க, அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்று பதில் வந்ததாம்! இதைச் சொன்னது மிஹைலோவிச்சேதான். ஐரோப்பியக் கோப்பை வரலாற்றிலேயே சலிப்பான இறுதி ஆட்டம் அதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 120 நிமிடம் கோல் இல்லாமல் போய் பெனால்டியில் ரெட் ஸ்டார் 5-3 என்று ஜெயித்தது. நான்காவது பெனால்டியை அடித்தவர் மிஹைலோவிச். கடைசியாக பான்செவ். ஐந்து பேரில் ஒருவரும் தவறவிடவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஆகஸ்ட் மாதக் கடைசியில் யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியத் துணைப்படைகளும் வூகோவரை முற்றுகையிட்டன. 87 நாள் குண்டு மழை. நவம்பர் 18ல் ஊர் விழுந்தபோது முழுசாக நின்ற கட்டிடங்களை எண்ணிவிடலாம் என்ற நிலை. இரண்டு நாள் கழித்து, மருத்துவமனையில் இருந்து பிடித்துச் செல்லப்பட்ட 200க்கும் மேற்பட்டவர்கள் பக்கத்தில் ஓவ்சாரா என்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் குரோஷியர்கள்.

அதே டிசம்பர் 8ம் தேதி, ஊர் விழுந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், மிஹைலோவிச் டோக்கியோவில் ரெட் ஸ்டாருக்காக ஆடிக்கொண்டிருந்தார். சிலியின் கோலோ கோலோ அணியை 3-0 என்று தோற்கடித்து கண்டங்களுக்கு இடையிலான கோப்பையையும் வாங்கினார்கள். உலகத்திலேயே சிறந்த கிளப் என்ற பட்டம்! ஆனால் சொந்த மைதானத்தில் ஐரோப்பிய ஆட்டம் ஆட அனுமதி கிடையாது. போர் காரணமாக அந்த சீசனில் ரெட் ஸ்டார் தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ஆட வேண்டியிருந்தது. 1992 ஏப்ரலில் சோஃபியாவில் சம்ப்டோரியாவிடம் 1-3 என்று தோற்றதோடு நடப்பு சாம்பியனின் கதை முடிந்தது. அந்த ஒரு கோல் மிஹைலோவிச் அடித்தது. அடுத்த மாதம் ஐ.நா. தடை வந்தது, யூகோஸ்லாவியா யூரோ 92 போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பதிலுக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

போரின்போது தன் வீட்டில் நடந்ததை மிஹைலோவிச் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த குரோஷிய நண்பர் ஒருவர் வந்து, அப்பா அம்மாவை உடனே கிளம்பச் சொன்னாராம். பிறகு அந்த வீடு நாசமானது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது சுவரில் ரெட் ஸ்டார் அணியின் புகைப்படம் கிடந்ததாம். அதில் அவர் முகம் இருந்த இடத்தில் குண்டு துளைத்த ஓட்டை. இன்னொரு சம்பவம் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி பற்றியது. அந்தத் தாய்மாமன் குரோஷியப் பக்கத்தில் போராடியவர். அக்கா தன் கணவரோடு பெல்கிரேட் போய்விட்டதை அவரால் மன்னிக்க முடியவில்லை. 'உன் புருஷனை இங்கேயே முடித்திருப்போமே' என்கிற அளவுக்குப் பேசினாராம். பின்னர் அதே மாமன் செர்பியத் துணைப்படையிடம் பிடிபட்டார். அவரிடம் மிஹைலோவிச்சின் தொலைபேசி எண் இருந்ததைப் பார்த்து படைத்தலைவன் அழைத்து விசாரிக்க, மிஹைலோவிச் கேட்டுக்கொண்டதால் மாமனின் உயிர் தப்பியது.

அந்தப் படைத்தலைவனின் பெயர் ஸெல்கோ ரஸ்னாடோவிச். உலகம் அறிந்த பெயர் ஆர்கன். போருக்கு முன்னால் அவன் ரெட் ஸ்டார் ரசிகர் கூட்டத்தின் தலைவன். அந்த ரசிகர்களில் இருந்தே ஆள் எடுத்து 'புலிகள்' என்று ஒரு துணைப்படை கட்டினான். போஸ்னியாவில் அந்தப் படை செய்த கொலைகளுக்காக ஹேக் சர்வதேச நீதிமன்றம் அவன் மீது குற்றம்சாட்டியது. மிஹைலோவிச்சுக்கு அவன் நண்பன். மாமனின் உயிரைக் கொடுத்தவன். இந்த முடிச்சுதான் பின்னால் அவரைத் துரத்திக்கொண்டே வந்தது.

1992ல் அவர் இத்தாலிக்குப் போனார். ரோமா அணியில் இரண்டு வருடம், அவ்வளவு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இடது பக்க ஆட்டக்காரராக ஓடிக்கொண்டிருந்தார். (1993 மார்ச்சில் பிரேஷா ஆட்டத்தில் 16 வயது டோட்டியை முதல்முதலாக இறக்கச் சொல்லி பயிற்சியாளர் போஷ்கோவிடம் சொன்னது மிஹைலோவிச்தான் என்று ஒரு கதை உண்டு. அன்று ஒரு கோல் அவருடையது என்பது மட்டும் உண்மை.) 1994ல் சம்ப்டோரியாவுக்கு மாறியபோதுதான் வாழ்க்கை திசை மாறியது. அங்கே பயிற்சியாளர் ஸ்வென் கோரான் எரிக்சன் அவரை நடுத் தடுப்பாட்டத்துக்குக் கொண்டு வந்தார். வேகம் அவ்வளவு கிடையாது, ஆனால் பின்னால் நின்றுகொண்டு 40, 50 மீட்டர் தூரத்துக்கு அளந்து வைத்த மாதிரி பந்தை அனுப்ப முடியும். தடுப்பாட்டத்தில் இருந்தே ஆட்டத்தைக் கட்டி எழுப்புகிற ஆள். இப்போது இதெல்லாம் எல்லா அணியும் எதிர்பார்க்கிற விஷயம், அப்போது இது அபூர்வம்.

ஃப்ரீ கிக் விஷயத்துக்கு வருவோம். பந்துக்கும் எதிரணிச் சுவருக்கும் நடுவே விதிப்படி 9.15 மீட்டர் இருக்க வேண்டும். சுவர் கோலின் ஒரு பாதியை மறைக்கும், மறுபாதியை கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார். அடிப்பவருக்கு இரண்டு வழி. ஒன்று, சுவருக்கு மேலே மெதுவாகத் தூக்கி வளைப்பது. இதில் வளைவு கிடைக்கும், வேகம் கிடைக்காது. கோல்கீப்பர் ஓடி வந்துவிடுவார். இன்னொன்று, முழு பலத்தில் அடிப்பது. வேகம் கிடைக்கும், பந்து கூரைக்குப் போய்விடும். மிஹைலோவிச்சின் இடது காலில் இரண்டும் ஒன்றாக இருந்தது என்பதுதான் விசேஷம். பந்தின் நடுவில் அடிக்காமல் கொஞ்சம் ஓரத்தில் அடிக்கும்போது பந்து சுழல்கிறது. சுழலும் பந்தின் ஒரு பக்கம் காற்று வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் நழுவுவதால் பந்து ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. இயற்பியல் புத்தகத்தில் மேக்னஸ் விளைவு என்று இருக்குமே, அதுதான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற பந்தில் இந்தச் சுழற்சியையும் சேர்த்துவிட்டால், சுவரைத் தாண்டும்போது வெளியே போவது மாதிரி தெரிகிற பந்து கடைசி நேரத்தில் உள்ளே திரும்பிவிடும். கோல்கீப்பர் பாவம், ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

1998ல் லாசியோவுக்குப் போன முதல் சீசனிலேயே, டிசம்பர் 13ம் தேதி, தன் பழைய அணியான சம்ப்டோரியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ஃப்ரீ கிக் கோல்! மூன்றுமே நேரடி ஃப்ரீ கிக்கில். ஒரு தடுப்பாட்டக்காரர் ஹாட்ரிக் அடிப்பதே அதிசயம், அதுவும் இப்படி. லாசியோவில் அவர் சட்டை எண் 11. வழக்கமாக இடது பக்க முன்கள வீரர் போடுகிற எண் அது.

அதே லாசியோ அணியில் அவரோடு ஆடியவர் யார் தெரியுமா? 1991 கோப்பை இறுதியில் ஹைடுக்குக்காக கோல் அடித்த அதே அலென் போக்ஷிச். எட்டு வருடம் முன்பு எதிரெதிரே நின்ற செர்பியரும் குரோஷியரும் ரோம் நகரத்தில் ஒரே உடைமாற்றும் அறையில். 1999 அக்டோபரில் யூரோ 2000 தகுதிச் சுற்றுக்காக இருவரும் ஸாக்ரெப் மைதானத்தில் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். போக்ஷிச் குரோஷியாவுக்கு கோல் அடித்தார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது, யூகோஸ்லாவியா தகுதி பெற்றது, குரோஷியா வெளியே. முந்தைய வருடம்தான் உலகக் கோப்பையில் மூன்றாவது இடம் பிடித்திருந்த குரோஷியா!

அந்த 1999ம் வருடமே அவருக்கு விசித்திரமான வருடம். மார்ச் 24ல் இருந்து 78 நாள் நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மேல் குண்டு போட்டன. கொசோவோவில் அல்பேனியர்கள் மீது நடந்த ஒடுக்குமுறையை நிறுத்துவதற்காக என்று சொல்லப்பட்டது. அவர் முதலில் பேர் வாங்கிய நோவி சாத்தின் பாலங்கள் ஒவ்வொன்றாக டான்யூபில் விழுந்தன. அந்த விமானங்களில் பல கிளம்பியது இத்தாலியில் இருக்கிற தளங்களில் இருந்து. சம்பளம் கொடுக்கிற நாடு, மனைவியின் நாடு, பிள்ளைகள் வளர்கிற நாடு. மே 19ம் தேதி, குண்டு விழுந்துகொண்டிருந்த அதே நாட்களில், லாசியோ பர்மிங்காமில் மயோர்க்காவை 2-1 என்று தோற்கடித்து கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையை வாங்கியது. மிஹைலோவிச்சும் அவரது நாட்டவரான ஸ்டான்கோவிச்சும் அன்று களத்தில் இருந்தார்கள்.

2000 ஜனவரி 15ல் ஆர்கன் பெல்கிரேட் ஓட்டல் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டான். மிஹைலோவிச் செர்பியப் பத்திரிகையில் இரங்கல் விளம்பரம் கொடுத்தார். இரண்டு வாரத்தில் லாசியோவின் தீவிர வலதுசாரி ரசிகர்கள் மைதானத்தில் 'புலி ஆர்கனுக்கு மரியாதை' என்று பெரிய பதாகையே தூக்கிவிட்டார்கள். இத்தாலியே கொந்தளித்தது. கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் கடைசி வரைக்கும் மாறவில்லை. அவன் செய்த குற்றங்களைக் கண்டிக்கிறேன், ஆனால் அவன் என் நண்பன், நண்பனை மறுக்க மாட்டேன் என்பதுதான் அது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? மாமனின் உயிரைக் காப்பாற்றிய நன்றிக்கடன் என்று சிலர் சொல்வார்கள். அது புரிகிறது. ஆனால் ஆர்கனின் ஆட்கள் வூகோவர் பகுதியிலேயே போர் செய்தவர்கள். அம்மாவின் இனத்து மக்கள் எத்தனையோ பேருக்குக் காப்பாற்றச் சொல்லித் தொலைபேசியில் பேச ஒரு கால்பந்து வீரர் இல்லை. ஒரு போன் காலில் ஒருவனை விட்டுவிட முடிகிறது என்றால், மற்றவர்களையும் விட்டிருக்க முடியும் என்றுதானே அர்த்தம்? அந்தக் கேள்விக்கு மிஹைலோவிச் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. தன் நன்றியைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கலாம், பத்திரிகையில் போட்டிருக்க வேண்டியதில்லை.

அந்த மே மாதம் லாசியோ சீரி ஏ சாம்பியன். கடைசி நாளில் பெருஜியாவில் கொட்டிய மழையில் யுவென்டஸ் தோற்க, லாசியோ ரெஜினாவை 3-0 என்று ஜெயித்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோபம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. ஜூன் மாதம் யூரோ 2000ல் ஸ்லோவேனியாவுக்கு எதிராக அவர் தவறாகக் கொடுத்த பந்தில் மூன்றாவது கோல் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் சிவப்பு அட்டையும் வாங்கினார். (பத்து பேரோடு ஆடி யூகோஸ்லாவியா 0-3ல் இருந்து 3-3 ஆக்கியது வேறு விஷயம்!) அக்டோபரில் ஆர்சனல் ஆட்டத்தில் பாட்ரிக் வியெராவை இனவெறி வார்த்தைகளால் திட்டினார். வியெரா தன்னை ஜிப்சி என்று சொன்னதாகவும், அதற்குப் பதிலாகத்தான் திட்டியதாகவும் சொன்னார். யூஈஎஃப்ஏ இரண்டு ஆட்டம் தடை விதித்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன் மைதான ஒலிபெருக்கியில் மன்னிப்பு கேட்டார். 2003 நவம்பரில் செல்சியின் ருமேனிய வீரர் முட்டு மேல் எச்சில் துப்பியதற்கு எட்டு ஆட்டம் தடை. பின்னாளில் அதே முட்டுவுக்கு ஃபியோரென்டினாவில் இவரே பயிற்சியாளர்!

நாட்டுக்காக 63 ஆட்டம், 10 கோல். 1998 உலகக் கோப்பையில் இரானை வீழ்த்திய ஒரே கோல் அவருடைய ஃப்ரீ கிக். அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனியின் ஃப்ரீ கிக் அவர் மேல் பட்டு உள்ளே போய் சொந்த கோல் ஆனது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, செர்பியா என்ற பெயரில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவர் ஆடிய நாட்டின் பெயர் யூகோஸ்லாவியா, பிறகு சின்னதாகிப்போன யூகோஸ்லாவியா. செர்பியா தனி நாடானது 2006 ஜூனில். அவர் கடைசியாக இன்டர் மிலானில் ஆடி ஓய்வு பெற்றதும் அதே வருடம்.

செர்பியாவுக்கு அவர் பயிற்சியாளராகத்தான் வந்தார், 2012ல். வந்தவுடனே, தேசிய கீதம் பாடவில்லை என்று அடெம் லியாயிச் என்ற இளம் வீரரை அணியிலிருந்து அனுப்பினார். லியாயிச் நோவி பஸார் ஊரைச் சேர்ந்த போஸ்னிய முஸ்லிம். அந்தப் பாட்டு செர்பிய மக்களைக் காக்கச் சொல்லி கடவுளை வேண்டுகிற பாட்டு. பாடாததற்குத் தனக்கு சொந்தக் காரணங்கள் இருப்பதாக அவர் சொன்னார். இரண்டு இனத்துக்குப் பிறந்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கப்பட்ட ஒருவர், இன்னொரு சிறுபான்மைப் பையனிடம் அதையே கேட்டார். அவர் பயிற்சியாளர் வாழ்க்கையில் ஜீரணிக்கக் கஷ்டமான பகுதி இதுதான். ஆனால் நான்கு வருடம் கழித்து டொரினோவில் பயிற்சியாளராக இருந்தபோது லியாயிச் அவர் அணிக்கே வந்து ஆடினார்.

2013 மார்ச் 22. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, ஸாக்ரெப். செர்பியாவின் பயிற்சியாளர் மிஹைலோவிச், குரோஷியாவின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்! வெளியூர் ரசிகர்களுக்கு அனுமதியே கொடுக்கவில்லை, அவ்வளவு பயம். ஆட்டத்துக்கு முன் இருவரும் கைகுலுக்கினார்கள். 1991 மே 8க்குப் பிறகு கிட்டத்தட்ட 22 வருடம். குரோஷியா 2-0 என்று ஜெயித்தது, செர்பியா உலகக் கோப்பைக்குப் போகவில்லை.

மற்றபடி அவர் பயிற்சியாளராக இருந்தது எல்லாம் பெரும்பாலும் இத்தாலியில்தான். கட்டானியா, ஃபியோரென்டினா, சம்ப்டோரியா, மிலான், டொரினோ. மிலானில் 2015ல் 16 வயது டோனருமாவை கோல்கீப்பராக இறக்கிய தைரியம் அவருடையது. ஆனால் மக்கள் மனதில் நிற்பது போலோனியாதான்.

2019 ஜூலை 13ம் தேதி பத்திரிகையாளர்களை அழைத்து தனக்கு லுகேமியா என்று அறிவித்தார். போலோனியா ரசிகர்கள் மலை மேல் இருக்கிற சான் லூக்கா மாதா கோவிலுக்கு அவருக்காகப் பாதயாத்திரை போனார்கள். ஆகஸ்ட் 25ம் தேதி, சீசனின் முதல் ஆட்டத்துக்கு, சிகிச்சைக்கு நடுவே மெலிந்து தலையில் தொப்பியோடு வெரோனா மைதானத்துக்கு வந்து உட்கார்ந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. செப்டம்பர் 15ம் தேதி போலோனியா பிரேஷாவில் 1-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் அணியின் பேருந்து நேராக மருத்துவமனைக்குப் போனது. வீரர்கள் எல்லோரும் அவர் அறை ஜன்னலுக்குக் கீழே நின்று பாட, அவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. மறுபடி வேலைக்கு வந்தார். 2022 மார்ச்சில் நோய் திரும்பியது. அந்த செப்டம்பரில் போலோனியா அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. டிசம்பர் 16ம் தேதி ரோம் நகரத்தில் இறந்தார். வயது 53. லாசியோவும் ரோமாவும் சேர்ந்து ஒருவருக்காக அழுவது ரோமில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. இரண்டு சட்டையையும் போட்டவர் என்பதால் அன்று நடந்தது.